வாசகர் கேள்வி – பதில்: கட்சிப் பொறுப்பும் சட்டமன்ற நாற்காலியும்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஒரே பொருளைச் சுற்றி இருந்தன. உள்ளூர்க் கட்சிப் பொறுப்பில் இருப்பவர் சட்டமன்ற உறுப்பினராவது எப்படி, ஆன பிறகு அவர் யாருக்குக் கட்டுப்பட்டவர், தோற்றால் என்ன ஆகிறார் என்று பலரும் கேட்டிருந்தார்கள். ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, என் தந்தை இருபது ஆண்டுகளாகக் கிளைச் செயலாளராக இருக்கிறார். கொடியேற்றுவதிலும் சுவரெழுத்து எழுதுவதிலுமே அவருடைய காலம் போய்விட்டது என்று அம்மா வருந்துகிறார். கிளையில் தொடங்கிய ஒருவர் உண்மையிலேயே சட்டமன்றம் வரை செல்ல முடியுமா?
– கல்லூரி மாணவர், கரூர்

பதில்: முடியும் தம்பி, சென்றவர்கள் இருக்கிறார்கள். எடப்பாடி கே. பழனிசாமி சேலம் மாவட்டத்துச் சிலுவம்பாளையத்தில் கிளைச் செயலாளராகத் தொடங்கி, 1989-இல் எடப்பாடி தொகுதியில் முதன்முறையாக வென்று, 2017-இல் முதலமைச்சரானார். ஓ. பன்னீர்செல்வம் 1996-இல் பெரியகுளம் நகராட்சித் தலைவரானார். 2001-இல் முதன்முறையாகச் சட்டமன்றத்துக்குள் நுழைந்து, அதே ஆண்டு செப்டம்பரில் முதலமைச்சர் நாற்காலியில் அமர்ந்தார். ஆனால் இவ்விருவரையும் மட்டும் காட்டி உங்களுக்கு நம்பிக்கை ஊட்டினால் அது நேர்மையாகாது. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் இருப்பவை 234 இடங்கள். அவற்றுள் 44 பட்டியல் சாதியினருக்கும் 2 பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. கூட்டணிக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்தது போக மிஞ்சும் இடங்களுக்கு, ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் ஒரு கட்சியில் எத்தனை ஆயிரம் பேர் காத்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கிளையிலிருந்து ஒன்றியம் வரையிலோ பேரூர் வரையிலோ சென்று, அங்கேயே ஆயுள் முழுவதும் நின்றுவிடுபவர்களே மிகப் பலர்.

அப்படியானால் உங்கள் தந்தை செய்தது வீண் வேலையா? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தேர்தல் செய்திக்காகச் சென்ற சிற்றூரில், கிளைச் செயலாளர் ஒருவர் தம் பாகத்தின் (ஒரு வாக்குச்சாவடிக்கு உட்பட்ட பகுதியின்) வாக்காளர் பட்டியலை எனக்குப் பிரித்துக் காட்டினார். அச்சிட்ட தாளின் ஓரங்களில் பென்சிலால் பொடி எழுத்தில் குறிப்புகள் இருந்தன. ஒரு பெயருக்கு நேரே சிறிய சிலுவைக் குறி, அவர் இறந்துவிட்டார். இன்னொன்றில் 'திருப்பூர்' என்று மட்டும் எழுதியிருந்தது. பனியன் கம்பெனி வேலைக்குப் போன குடும்பம், வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் தொலைபேசியில் அழைத்துச் சொன்னால்தான் வரும். வேறொரு வீட்டுக்கு நேரே இரண்டு கோடுகள். அண்ணன் தம்பி பேசிக்கொள்வதில்லை, தனித்தனியாகப் போய்க் கேட்க வேண்டும். 2021 தேர்தலில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 6.28 கோடி வாக்காளர்கள் இருந்தார்கள். ஒரு தொகுதிக்குச் சராசரியாக இரண்டரை லட்சத்துக்கும் மேல். எந்த வேட்பாளரும் இத்தனை பேரை அறிந்திருக்க இயலாது. அவரை வெற்றி பெறச் செய்வது இந்தப் பென்சில் குறிப்புகளை வைத்திருப்பவர்கள்தாம். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

சட்டம் விதிக்கும் தகுதிகள் எளியவை. 25 வயது நிறைந்திருக்க வேண்டும். மாநிலத்தின் ஏதேனும் ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும், போட்டியிடும் தொகுதியிலேயே இருக்க வேண்டியதில்லை. வைப்புத்தொகை 10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு 5,000 ரூபாய். கடினமானது கட்சிக்குள் கடக்க வேண்டிய வழி. விருப்ப மனு கொடுத்து, நேர்காணலில் அமர்ந்து, தலைமை வெளியிடும் பட்டியலில் பெயர் வந்து, சின்னத்துக்கான ஏ, பி படிவங்கள் கைக்கு வந்து சேரும்வரை எதுவும் உறுதியில்லை. நேர்காணலில், தொகுதியில் எவ்வளவு செலவு செய்ய முடியும் என்ற கேள்வியை எதிர்கொள்ளாதவர்கள் அரிது. ஒரு வேட்பாளருக்குத் தேர்தல் ஆணையம் வைத்திருக்கும் செலவு உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். உங்கள் தந்தையைப் போன்றவர்களை அந்தக் கதவுக்கு வெளியே நிறுத்திவைக்க அந்த ஒரு கேள்வியே போதும் என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

கேள்வி: ஒரு மாவட்டத்தில் அதிகாரம் மிக்கவர் யார், கட்சியின் மாவட்டச் செயலாளரா, சட்டமன்ற உறுப்பினரா? எங்கள் ஊரில் இருவரும் ஒருவரே என்பதால் இந்தக் கேள்விக்கு இதுவரை விடை தெரியவில்லை.
– ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், விருத்தாசலம்

பதில்: அரசமைப்புச் சட்டத்துக்குச் சட்டமன்ற உறுப்பினரை மட்டுமே தெரியும். மாவட்டச் செயலாளர் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. உறுதிமொழி ஏற்பவரும், அவையில் பேசுபவரும், வாக்களிப்பவரும், அரசு கட்டித் தந்த தொகுதி அலுவலகத்தில் அமர்பவரும் அவரே. ஆயினும் உள்ளாட்சித் தேர்தலில் எந்த வார்டுக்கு யார் வேட்பாளர், ஒன்றியக் குழுத் தலைவர் பதவிக்கு யாரை முன்னிறுத்துவது, அடுத்த சட்டமன்றத் தேர்தலுக்கு எந்தப் பெயர்களைத் தலைமைக்குப் பரிந்துரைப்பது, தலைவர் மாவட்டத்துக்கு வரும்போது மேடையில் யார் அமர்வது, யார் கீழே நிற்பது ஆகியவற்றை முடிவு செய்யும் கை மாவட்டச் செயலாளருடையது. ஆகவே கட்சிப் பொறுப்பு இல்லாத ஒரு சட்டமன்ற உறுப்பினர், தம்முடைய அடுத்த வாய்ப்பு யார் கையில் இருக்கிறதோ அவருடைய முகம் கோணாமல் ஐந்து ஆண்டுகளையும் நடத்த வேண்டியிருக்கிறது.

வருவாய் மாவட்டங்கள் தமிழ்நாட்டில் 38 இருக்க, இரு பெரிய திராவிடக் கட்சிகளும் தத்தம் அமைப்பை எழுபதுக்கும் மேற்பட்ட மாவட்டங்களாகப் பிரித்துவைத்திருக்கின்றன. நிர்வாக வசதி என்று காரணம் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஏறக்குறைய மூன்று தொகுதிகளுக்கு ஒருவர் என்றால் அவரால் எல்லா ஒன்றியங்களுக்கும் போய்வர முடியும். அதைவிடப் பெரிய காரணம், அமைச்சர் பதவி கிடைக்காதவர்களுக்கும் தருவதற்கு ஏதேனும் இருக்க வேண்டும் என்பது. 2003-இல் வந்த 91-ஆவது அரசமைப்புத் திருத்தத்தின்படி, முதலமைச்சரையும் சேர்த்து அமைச்சர்களின் எண்ணிக்கை அவையின் மொத்த உறுப்பினர் எண்ணிக்கையில் நூற்றுக்குப் பதினைந்தைத் தாண்டக் கூடாது. நம் அவைக்கு அது 35. ஆளுங்கட்சிக்கு 130 உறுப்பினர்கள் இருந்தால், ஏறக்குறைய நூறு பேர் ஐந்து ஆண்டுகளும் பின்வரிசையிலேயே இருந்தாக வேண்டும். அவர்களுக்கு மாவட்டச் செயலாளர் பொறுப்புதான் சொந்த ஊரில் நிமிர்ந்து நடக்க உதவும் அடையாளம்.

இருவரும் ஒருவராகவே இருப்பது நல்லதா என்பதே உங்கள் கடிதத்துக்குள் மறைந்திருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். நல்லதல்ல என்பதே என் கருத்து. வேலை விரைவாக நடக்கிறது என்பது அதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம். வட்டாட்சியரிடமும் ஒன்றியச் செயலாளரிடமும் ஒரே குரல் பேசினால் காரியம் முடிகிறது என்பார்கள். ஆனால் ஒரு கிளைச் செயலாளர், "நம் சட்டமன்ற உறுப்பினர் எங்கள் ஊர்ப் பக்கமே வருவதில்லை, தண்ணீர்த் தொட்டிக்கு அடிக்கல் நாட்டி மூன்று ஆண்டுகள் ஆகின்றன" என்று முறையிட விரும்பினால், கட்சியில் அவர் போக வேண்டிய இடம் மாவட்டச் செயலாளரிடம்தான். அங்கே அமர்ந்திருப்பவரும் அதே ஆள் என்றால் அந்த முறையீடு வாயிலிலேயே நின்றுவிடுகிறது. கட்சி என்பது மக்களின் குறையைத் தன் உறுப்பினருக்கே எடுத்துச் சொல்லும் வழியாகவும் இருக்க வேண்டும். இரண்டு பதவிகளும் ஓரிடத்தில் சேரும்போது அடைபட்டுப்போவது அந்த வழிதான். அவர் அமைச்சராகவும் இருந்துவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. எல்லார் வீட்டுக் கல்யாணத்துக்கும் வருகிறார், சாவு வீட்டுக்கும் முதல் ஆளாக வந்துவிடுகிறார். ஆனால் அவர் சட்டமன்றத்தில் பேசி ஒருநாளும் செய்தி வந்ததில்லை. அவரை நல்ல உறுப்பினர் என்று சொல்லலாமா?
– இல்லத்தரசி, திண்டுக்கல்

பதில்: முதலில் அவர் செய்வதைக் குறைத்து மதிப்பிடாமல் பார்ப்போம். ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வீட்டு வாசலில் ஒருமுறை விடியற்காலையிலிருந்து மதியம் வரை அமர்ந்திருந்தேன். ஆறரை மணிக்கே திண்ணையிலும் பிளாஸ்டிக் நாற்காலிகளிலும் முப்பது பேர் இருந்தார்கள். முதியோர் உதவித்தொகை நின்றுபோன ஒரு பாட்டி, வங்கிக் கணக்குப் புத்தகத்தை மஞ்சள் பையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டா மாறுதலுக்கு ஒன்றரை ஆண்டாக அலைந்தவர், மின்மாற்றி எரிந்து மோட்டார் ஓடாத மூன்று விவசாயிகள், சென்னை அரசு மருத்துவமனையில் படுக்கை கேட்டு வந்த இளைஞர் என்று வரிசை நீண்டது. உதவியாளர் நீளமான பேரேட்டில் ஒவ்வொருவரின் பெயரையும் எழுதிக்கொண்டார். உறுப்பினர் சிலருக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தார். சிலருக்குக் கடிதத்தோடு தொலைபேசியிலும் பேசினார். கடிதம் மட்டும் வாங்கியவர்களின் முகத்திலும், தொலைபேசி அழைப்பையும் பெற்றவர்களின் முகத்திலும் இருந்த வேறுபாட்டை இன்றும் மறக்க முடியவில்லை. சாவு வீட்டுக்கு வருவதும் இதன் தொடர்ச்சிதான். துயரம் வந்த நாளில் மாலையோடு வந்து நின்றவரை நம் மக்கள் மறப்பதில்லை; மறக்க வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தப் பாட்டியின் உதவித்தொகை ஏன் நின்றது? அவர் ஒருவருக்கு மட்டுமா நின்றது, அந்த வட்டத்தில் ஐந்நூறு பேருக்கு நின்றதா? இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் வட்டாட்சியரின் மேசை அல்ல, சட்டமன்றம். அங்கே ஓர் உறுப்பினர் கையில் எத்தனை கருவிகள் இருக்கின்றன தெரியுமா? அமைச்சர் எழுந்து வாய்மொழியாக விடை சொல்ல வேண்டிய வினாவை அனுப்பலாம். விடை போதாதென்றால் துணைவினா கேட்கலாம். அவசரப் பொருளுக்குக் கவன ஈர்ப்புத் தீர்மானம் உண்டு. ஒவ்வொரு துறையும் நிதி ஒதுக்கக் கேட்கும் மானியக் கோரிக்கை மீது, அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் கொடுத்து, அத்துறையின் குறைகளைப் பதிவு செய்யலாம். அவைக் குழுக்களில் இடம்பெற்றால் வேலை இன்னும் ஆழமாகும். பொதுக் கணக்குக் குழு, தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒதுக்கிய பணம் எங்கே போனது என்று துறைச் செயலாளர்களை அழைத்துக் கேட்கிறது. அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. 'ஆவன செய்யப்படும்' என்று அமைச்சர் அவையில் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நிறைவேறியதா என்று பார்ப்பதே அதன் வேலை. உங்கள் உறுப்பினர் இவற்றில் எதையுமே தொடவில்லை என்றால், அவர் தம் பணியில் பாதியைத்தான் செய்கிறார்.

அவையில் எழுப்பும் குரலால் என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு முத்துலட்சுமி ரெட்டியை நினைவூட்ட விரும்புகிறேன். 1926-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு அதன் துணைத் தலைவரானவர் அவர். அவருக்குப் பின்னால் கிளைகளும் இல்லை, ஒன்றியங்களும் இல்லை. சிறுமிகளைத் தேவதாசிகளாக்கும் வழக்கத்தை ஒழிக்கக் கோரி அவர் அவையில் வாதிட்டார். 1930-இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டபோது பதவியைத் துறந்து வெளியேறினார். முழுமையான தடைச் சட்டம் 1947-இல்தான் வந்தது. வெறும் நான்கு ஆண்டுப் பதவிக்காலத்தில் அவர் தொடங்கிவைத்த விவாதத்தின் பயன் அது.

அடுத்த முறை உங்கள் உறுப்பினர் உங்கள் தெருவுக்கு வரும்போது, "இந்தக் கூட்டத்தொடரில் என்ன கேள்வி கேட்டீர்கள் அண்ணா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். 2022 முதல் கேள்வி நேரம் நேரலையாகவும் ஒளிபரப்பாகிறது. பார்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் கேட்பவர்களும் பெருகுவார்கள்.

கேள்வி: தொகுதி மேம்பாட்டு நிதி முழுவதும் எம்.எல்.ஏ.வின் கைக்கே போகிறது என்று எங்கள் டீக்கடையில் தினமும் சண்டை. உண்மை என்ன?
– சுமை ஆட்டோ ஓட்டுநர், சிவகாசி

பதில்: கைக்குப் போவதில்லை. தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் ஒதுக்கப்படுகிறது. இந்தப் பள்ளிக்கு இரண்டு வகுப்பறைகள், இந்தத் தெருவுக்கு வடிகால் என்று உறுப்பினர் பரிந்துரை செய்கிறார். மதிப்பீடு தயாரித்து, நிர்வாக அனுமதி தந்து, ஒப்பந்தம் விட்டு, பணத்தை விடுவிப்பது அதிகாரிகள். ஆனால் எந்தத் தெருவைத் தேர்ந்தெடுப்பது என்பது உறுப்பினரின் விருப்பம் என்பதால், வாக்கு விழாத தெரு காத்திருக்க நேர்கிறது. சண்டை போட வேண்டுமானால் அந்த இடத்தில் போடுங்கள்.

இதோடு தொடர்புடைய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2022 ஆகஸ்டில் அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், கட்சி வேறுபாடின்றி எல்லாச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதி, தத்தம் தொகுதியில் நெடுநாள் நிறைவேறாத பத்துக் கோரிக்கைகளை வரிசைப்படுத்தி மாவட்ட ஆட்சியரிடம் தரச் சொன்னார். உங்கள் தொகுதியிலிருந்து போன அந்தப் பத்து எவை என்று கேட்டு வாங்குங்கள். வேட்பாளர்கள் மீண்டும் வாக்குக் கேட்டு வரும்போது கையில் வைத்திருக்க அதைவிடப் பொருத்தமான தாள் வேறில்லை.

கேள்வி: சட்டமன்ற உறுப்பினரின் சம்பளம் எவ்வளவு? அவர் போடும் வாக்குக்கு அவைக்கு வெளியே ஏதேனும் மதிப்பு உண்டா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: 2018-இல் நிறைவேறிய சட்டத் திருத்தம், படிகளையும் சேர்த்து மாதம் 55,000 ரூபாயாக இருந்ததை 1,05,000 ரூபாயாக உயர்த்தியது. வெளி வாக்குகள் இரண்டு உண்டு. மாநிலங்களவைக்குத் தமிழ்நாட்டின் 18 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் இவர்களே. ஆறு இடங்களுக்குத் தேர்தல் நடந்தால் ஒருவர் வெல்ல 34 வாக்குகள் வேண்டும். குடியரசுத் தலைவர் தேர்தலில் தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவருடைய வாக்கின் மதிப்பு 176.

கேள்வி: கட்சித் தலைமையோடு முரண்பட்டால் ஒரு சட்டமன்ற உறுப்பினர் பதவியை இழக்க வேண்டியதுதானா? கட்சியே அவரை நீக்கிவிட்டால் அவர் விடுதலை பெற்றவர் ஆகிறாரா?
– சட்டக் கல்லூரி மாணவி, மதுரை

பதில்: இரண்டாவது கேள்விக்கு விடை தந்தது நம் தமிழ்நாட்டு வழக்கே என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். 1994-இல் அ.தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்ட ஜி. விசுவநாதனும் இன்னொரு உறுப்பினரும் பின்னர் ம.தி.மு.க.வில் சேர்ந்தார்கள். பேரவைத் தலைவர் அவர்களைத் தகுதி நீக்கம் செய்தார். 1996-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது: கட்சி நீக்கினாலும், தேர்ந்தெடுத்து அனுப்பிய கட்சியின் உறுப்பினராகவே அவர் அவையில் கருதப்படுவார், வேறு கட்சியில் சேர்ந்தால் தாமாகக் கட்சியை விட்டதாகவே பொருள். ஆகவே நீக்கப்பட்டவருக்கு விடுதலை இல்லை; எப்படி வாக்களிப்பது என்று கட்சியின் சார்பில் உறுப்பினர்களுக்கு ஆணையிடும் கொறடாவின் சொல் அவையில் அவரையும் கட்டுப்படுத்தும்.

முதல் கேள்விக்கு வருகிறேன். 1985-இல் அரசமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட, கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணையின்படி இரண்டு செயல்கள் பதவியைப் பறிக்கும். ஒன்று, தாமாகக் கட்சியைவிட்டு விலகுவது. மற்றொன்று, கொறடாவின் ஆணையை மீறி வாக்களிப்பது அல்லது வாக்களிக்காமல் இருப்பது. 'தாமாக விலகுவது' என்பதற்குக் கடிதம் கொடுத்து விலகுவது என்று மட்டும் பொருளில்லை, நடத்தையிலிருந்தும் ஊகிக்கலாம் என்பது நீதிமன்றங்களின் விளக்கம். 2017-இல் முதலமைச்சர் மீது நம்பிக்கையில்லை என்று ஆளுநரிடம் மனுக் கொடுத்த 18 உறுப்பினர்களை அன்றைய பேரவைத் தலைவர் ப. தனபால் இந்த அடிப்படையிலேயே நீக்கினார். சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்புத் தர, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபர் 25 அன்று நீக்கத்தை உறுதி செய்தார். அந்தத் தொகுதிகளின் மக்கள் 2019 ஏப்ரல் மாத இடைத்தேர்தல் வரை, ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக, அவையில் தங்களுக்கென்று ஒரு குரல் இல்லாமல் இருந்தார்கள். கட்சித் தாவலைத் தடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஆட்சியின் ஆயுளோடு தொடர்பில்லாத ஒரு சாதாரண மசோதாவிலும், தன் தொகுதிக்குத் தீங்கு என்று அறிந்தே கைதூக்க வேண்டிய நிலையில் ஓர் உறுப்பினரை வைப்பது, அவரைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குச் செய்யும் அநீதி. அரசின் மீதான நம்பிக்கைத் தீர்மானத்துக்கும் நிதி மசோதாவுக்கும் மட்டும் கொறடா ஆணை செல்லும் என்று அட்டவணையைத் திருத்தினால் போதும். சட்டம் படிக்கும் நீங்கள் இதைப் பற்றி எழுத வேண்டும்.

கேள்வி: தோற்றுப்போன எம்.எல்.ஏ. என்ன ஆகிறார்? பத்திரிகைகள் வென்றவர்களைப் பற்றியே எழுதுகின்றன.
– நூலகர், திருநெல்வேலி

பதில்: உங்கள் மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம். இராதாபுரம் தொகுதியில் மு. அப்பாவு 1996-இல் தமிழ் மாநில காங்கிரஸ் வேட்பாளராகவும், 2001-இல் சுயேச்சையாகவும், 2006-இல் தி.மு.க. வேட்பாளராகவும் வென்றவர். 2016-இல் அவர் தோற்றது 49 வாக்குகளில். முன்பு சொன்ன பென்சில் குறிப்புகளை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்; 49 வாக்குகள் என்பது ஒரு தெரு. அஞ்சல் வாக்குகளை எண்ணியது சரியில்லை என்று அவர் நீதிமன்றம் போனார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அந்தச் சட்டமன்றத்தின் பதவிக்காலமும் முடிந்துபோயிற்று. 2021-இல் மீண்டும் வென்று பேரவைத் தலைவரானார்.

காமராசர் 1967-இல் விருதுநகரில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்று, இரண்டு ஆண்டுகள் கழித்து நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று மக்களவைக்குச் சென்றார். எடப்பாடி பழனிசாமி 1996-இலும் 2006-இலும் சொந்தத் தொகுதியிலேயே தோற்றவர். அவர் 2011-இல் திரும்பி வந்ததற்குக் காரணம், இடைப்பட்ட ஆண்டுகளிலும் கட்சிப் பொறுப்பில் இருந்ததுதான். தோற்றவருக்கு வீட்டு வாசலில் கூட்டம் குறைந்துவிடும், அதிகாரிகள் தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். ஆனால் ஒன்றியச் செயலாளரோ மாவட்டச் செயலாளரோ ஆக இருந்தால், ஊர்க்கூட்டத்துக்கும் ஆர்ப்பாட்டத்துக்கும் அவரை அழைத்தே ஆக வேண்டும். 1957-இல் குளித்தலையில் தொடங்கி 2016-இல் திருவாரூர் வரை நின்ற 13 சட்டமன்றத் தேர்தல்களிலும் வென்ற மு. கருணாநிதியைப் போன்றவர்கள் விதிவிலக்கு. மற்றவர்களுக்கெல்லாம் தோல்விக் காலத்தைக் கடக்க உதவும் தோணி கட்சிப் பொறுப்பே. பொறுப்பில்லாமல் பதவியில் மட்டும் இருந்தவர்கள் ஒரே தோல்வியில் ஊர் நினைவிலிருந்தே மறைந்துபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: உள்ளாட்சியில் பெண்கள் பாதி என்கிறார்கள். சட்டமன்றத்தில் ஏன் விரல்விட்டு எண்ணும்படி இருக்கிறார்கள்?
– முன்னாள் ஊராட்சித் தலைவி, நாமக்கல்

பதில்: 2021-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட 234 பேரில் பெண்கள் 12 பேர். உள்ளாட்சியில் நூற்றுக்கு ஐம்பது இடங்களைச் சட்டம் உறுதி செய்கிறது; அங்கே பெண்களை நிறுத்தியே தீர வேண்டும். சட்டமன்றத்துக்கு மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கும் 106-ஆவது திருத்தம் 2023-இல் நிறைவேறினாலும், மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் தொகுதி மறுவரையறைக்கும் பின்னரே அது நடைமுறைக்கு வரும் என்று எழுதிவைத்துவிட்டார்கள். அதுவரை முடிவு கட்சிகளின் கையில். பரிந்துரைக்கும் மாவட்டச் செயலாளர்களில் பெண்கள் மிக மிகச் சிலர். தூத்துக்குடியில் மாவட்ட ஊராட்சித் தலைவராகத் தொடங்கி, தி.மு.க.வின் மாவட்டச் செயலாளராகவும் அமைச்சராகவும் உயர்ந்த கீதா ஜீவனைச் சொல்லலாம். அவருக்கு முன் அவருடைய தந்தை அந்த மாவட்டச் செயலாளர் பொறுப்பில் இருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அம்மா, உங்களைப் போல ஐந்து ஆண்டுகள் குடிநீரும் தெருவிளக்கும் பார்த்து, கிராம சபையில் கேள்விகளுக்கு நின்று பதில் சொன்ன பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பதவிக்காலம் முடிந்த மறுநாள் எந்தக் கட்சியாவது உங்களை அழைத்து ஒன்றியப் பொறுப்பு கொடுத்ததா? அந்த அழைப்பு வராமல் சட்டமன்ற வேட்பாளர் பட்டியலில் பெண் பெயர்கள் பெருகப் போவதில்லை.

கேள்வி: எம்.எல்.ஏ. ஆனவர்கள் எல்லாரும் பணக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். ஆகாதவர் ஒருவரையாவது உங்களால் சொல்ல முடியுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: மதுரையில் இருந்தார். மார்க்சிஸ்ட் கட்சியைச் சேர்ந்த என். நன்மாறன் 2001-இலும் 2006-இலும் மதுரை கிழக்குத் தொகுதியில் வென்று, பத்து ஆண்டுகள் சட்டமன்றத்தில் இருந்தவர். பேச்சால் கூட்டத்தைச் சிரிக்கவைத்தபடியே சிந்திக்கவும் வைத்ததால் 'மேடைக் கலைவாணர்' என்று அழைக்கப்பட்டார். பதவிக்குப் பிறகும் வாடகை வீட்டில்தான் இருந்தார். வயதான காலத்தில், வீடில்லாதவர்களுக்கு அரசு தரும் குடியிருப்பில் தமக்கும் ஒரு வீடு வேண்டும் என்று ஆட்சியர் அலுவலகத்துக்குச் சென்று மனுக் கொடுத்தார். பத்து ஆண்டுகள் மற்றவர்களின் மனுக்களை வாங்கியவர், மற்ற மனுதாரர்களைப் போலத் தம் மனுவோடு அங்கே நின்றார். 2021 அக்டோபரில் காலமானார்.